மஸில் காரைக் கண்காட்சித் தரத்துக்குக் கொண்டுவருதல்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க மஸில் கார்களைப் புதுப்பிப்பது குறித்த சந்தேகங்களை எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். பலர் ஒரே செய்தியைக் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பெரிய எஞ்சின் பொருத்திய எந்த அமெரிக்கக் காரையும் மஸில் கார் என்று சொல்லலாமா? மஸ்டாங் அந்த வகையில் சேருமா?
– பாலிடெக்னிக் மாணவர், கிருஷ்ணகிரி

பெரிய எஞ்சின் இருந்தால் மட்டும் போதாது. 1950களிலேயே அமெரிக்காவில் பெரிய வி-8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின்கள் உண்டு; ஆனால் அவை பெரும்பாலும் நீளமும் கனமும் விலையும் கூடிய கார்களில்தான் இருந்தன. நடுத்தர அளவுள்ள காரின் உடலுக்குள் பெரிய காருக்கென்று செய்த எஞ்சினைத் தொழிற்சாலையே பொருத்தி, இளைஞர்கள் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையில் விற்கத் தொடங்கியபோதுதான் இந்த வகை பிறந்தது. அதற்குப் பலரும் காட்டும் முதல் சான்று 1964ஆம் ஆண்டு மாடலான போன்டியாக் ஜி.டி.ஓ. போன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்று உள்விதி வைத்திருந்தது. போன்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் 389 கன அங்குல, அதாவது சுமார் 6.4 லிட்டர் எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு வாங்குபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பாக வைத்து அந்த விதியைத் தாண்டினார்கள். முதலாண்டில் 32,450 கார்கள் விற்றபின் மேலிடம் கோபித்துக்கொள்வதற்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான மஸ்டாங், ஃபோர்ட் ஃபால்கன் என்ற சிறிய காரின் அடித்தளத்தில் எழுந்தது. அதற்குப் 'போனி கார்' என்ற தனிப் பெயர் உண்டு. 1968இல் வந்த 428 கோப்ரா ஜெட் போன்ற எஞ்சின் பொருத்திய மஸ்டாங்குகளை மஸில் கார் என்று சொல்வதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆறு சிலிண்டர் மஸ்டாங்கை அப்படிச் சொன்னால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்.

குதிரைத்திறன் எண்களை ஒப்பிடும்போது மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1971 வரை விளம்பரங்களில் வந்தவை, காற்று வடிகட்டி, சைலன்சர் போன்றவை இல்லாமல் எஞ்சினைத் தனியே மேடையில் ஓட்டி அளந்தவை. 1972 மாடல்களில் எல்லாவற்றையும் பொருத்தி அளந்த எண்கள் வந்தன. ஆகவே ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே பிரிவு செய்த 1970 ஷெவல் காரின் 454 கன அங்குல எல்.எஸ்.6 எஞ்சினுக்குச் சொல்லப்படும் 450 குதிரைத்திறனை இன்றைய காரின் எண்ணோடு நேருக்கு நேர் வைப்பது பொருந்தாது.

கேள்வி: மிச்சிகனில் வேலை பார்க்கும் என் மகன் 1970 ஷெவல் எஸ்.எஸ். ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க நினைக்கிறான். "எண்கள் எல்லாம் பொருந்துகின்றன" என்று விற்பவர் கூறுகிறாராம். நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக லேத் வேலை பார்த்தவன். எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள்.
– ஓய்வுபெற்ற டர்னர், ஓசூர்

உங்கள் தொழில் இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பயன்படும் ஐயா. எண்கள் பொருந்துகின்றன என்றால், இந்த எஞ்சின் இதே காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று பொறித்த எண்களே காட்டுகின்றன என்று பொருள். எஸ்.எஸ். என்பது ஷெவலின் வேக வகை, மலிபு அதன் சாதாரண வகை. முதலில், சேசிஸ் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். 1966 முதல் 1968 வரை வந்த எஸ்.எஸ். 396 காரின் எண் 138 என்று தொடங்கும். ஆகையால் அதை அந்த எண்ணிலேயே அடையாளம் காணலாம். 1969 முதல் எஸ்.எஸ். என்பது விருப்பத் தொகுப்பாக மாறிவிட்டது. 1970 காரில் சாதாரண மலிபுவுக்கும் எஸ்.எஸ்.ஸுக்கும் சேசிஸ் எண் ஒரே பாங்கில்தான் இருக்கும். சாதாரண மலிபுவை வாங்கி, போனட்டையும் சின்னங்களையும் மாற்றி எஸ்.எஸ். என்று விற்பது இந்த ஓட்டையினால்தான் எளிதாகிறது.

அப்படியானால் எதை நம்புவது? காகிதங்களை. தொழிற்சாலையில் காரோடு பயணித்த உற்பத்தித் தாள் பல ஷெவல்களில் பெட்ரோல் டேங்கின் மேற்புறத்திலோ இருக்கையின் அடியிலோ கசங்கிக் கிடக்கும். 1965 முதல் 1972 வரை ஷெவர்லே கொடுத்த உலோக உத்தரவாத அட்டை இருந்தால் அதுவும் வலுவான சான்று. மற்ற நிறுவனங்களில் நிலைமை மாறும்: ஃபோர்ட் காரில் சேசிஸ் எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லிவிடும், கிரைஸ்லர் குடும்பக் கார்களில் மட்கார்டின் உள்பக்கம் திருகியிருக்கும் சிறு தகட்டில் நிறமும் துணைப்பொருள்களும் குறியீடுகளாக இருக்கும்.

காகிதம் கிடைக்காவிட்டால் இரும்பைப் படிக்க வேண்டும். ஷெவர்லே வி-8 எஞ்சினில், வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு சிறிய சமதளம் இருக்கும். எஞ்சின் ஆலையின் எழுத்தும், எஞ்சின் கட்டப்பட்ட மாதமும் நாளும், வகைக் குறியீடும் அங்கே அடிக்கப்பட்டிருக்கும். 1968 முதல் காரின் சேசிஸ் எண்ணின் ஒரு பகுதியும் எஞ்சினில் அடிக்கப்பட்டது. இதைத் தவிர பிளாக்கை வார்த்த தேதி வார்ப்பிலேயே இருக்கும். ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று மாதம் எழுத்தாக வரும். வார்த்த தேதி முதலிலும், எஞ்சின் கட்டிய தேதி அதற்குப் பின்னும், கார் கட்டிய வாரம் அதற்கும் பின்னும் வர வேண்டும். கார் மார்ச்சில் கட்டப்பட்டது, பிளாக் மே மாதத்தில் வார்க்கப்பட்டது என்றால் விற்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இனி உங்கள் கண்ணுக்கான வேலை. அந்தச் சமதளத்தைத் தொழிற்சாலையில் புரோச் செய்ததால், அதாவது வரிசைப் பற்கள் கொண்ட கருவியை நேராக ஓட்டிச் சீவியதால், நெடுகிலும் நேரான மெல்லிய கோடுகள் தெரியும். யாராவது பிளாக்கை ஃபேஸிங் செய்து (மேற்பரப்பைச் சீவி மட்டமாக்கி) புது எண் அடித்திருந்தால் அந்தக் கோடுகள் இருக்காது, அல்லது வட்ட வளைவாகக் கட்டர் ஓடிய தடம் இருக்கும். தெளிவான படம் ஒன்றை மகன் அனுப்பினால், நூறு பேர் சொல்வதைவிட நீங்கள் சொல்வது சரியாக இருக்கும். நல்ல நோக்கத்தோடு செய்யும் ஃபேஸிங்கும் இதே கேட்டைச் செய்யும் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே எஞ்சின் வேலைக்குப் பிளாக்கைக் கொடுக்கும்போது, அந்த இடத்தில் கட்டர் படக் கூடாது என்று எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு.

கேள்வி: கண்ணாடிபோல் மின்னிய ஒரு கார், சுமாராக மின்னிய மற்றொரு காரைவிடக் குறைந்த புள்ளி பெற்றதாகப் படித்தேன். இது எப்படி நியாயமாகும்?
– வாசகி, பாலக்கோடு

அமெரிக்காவில் எல்லாக் கண்காட்சிகளும் ஒரே அளவுகோலில் நடப்பதில்லை என்பதால் வந்த குழப்பம் இது. ஊர்த் திடலில் நடக்கும் போட்டிகளில் மின்னுகிற கார் வெல்லும். ஆனால் நுட்பமாக மதிப்பிடும் சங்கங்கள் வேறு கேள்வியைக் கேட்கின்றன: இந்தக் கார் தொழிற்சாலையின் வாசலைத் தாண்டிய நாளில் இப்படித்தான் இருந்ததா? ஷெவர்லேயின் கொர்வெட் கார்களுக்கான தேசிய சங்கம் ஏறத்தாழ 4,500 புள்ளிகளை வைத்துக்கொண்டு இந்த ஒரே கேள்வியைத் திருகாணி வரைக்கும் கேட்கிறது. பழைய கார்களுக்கான ஏ.ஏ.சி.ஏ. சங்கம் 400 புள்ளிகளிலிருந்து குறைத்துக்கொண்டே வரும்.

1960களின் தொழிற்சாலையில் கார் அவசரமாகத்தான் செய்யப்பட்டது. மட்கார்டின் உள்பக்கம் வண்ணப் புகை படர்ந்திருக்கும். அடித்தளத்தில் செம்பழுப்புப் பிரைமர் தெரியும். சோதித்துப் பார்த்த தொழிலாளி மெழுகுக் கோலால் கிறுக்கிய அடையாளம் அச்சில் இருக்கும். டியர்பார்ன், சான் ஹோசே, மெட்டச்சன் என்ற மூன்று ஆலைகளில் உருவான மஸ்டாங்குகளின் அடிப்பக்கம்கூட ஆலைக்கு ஆலை மாறும். இவற்றையெல்லாம் மழுங்கத் தேய்த்து, அடித்தளத்துக்கும் மேற்பக்கத்தின் பளபளப்பைக் கொடுத்தால், நடுவர் அதை மிகைப் புதுப்பிப்பு என்று குறித்துக்கொள்வார். எஞ்சின் நிறமும் அப்படியே. ஷெவர்லேவுக்கு ஆரஞ்சு, போன்டியாக்குக்கு வெளிர் நீலம், கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சினுக்கு அதற்கே உரிய ஆரஞ்சு என்று ஒவ்வொன்றும் வரையறுக்கப்பட்டது. எஞ்சின் முழுவதையும் குரோம் பூசியவர் தன் பணத்தைச் செலவழித்துப் புள்ளியைக் குறைத்துக்கொண்டவர். ஜெனரல் மோட்டார்ஸ் காரின் முகப்பு விளக்குக் கண்ணாடியில் டி-3 என்ற பொறிப்பு, ஹோஸ் குழாயைப் பிடிக்கும் கிளிப்பின் வடிவம், ஜன்னல் கண்ணாடியின் தேதிக் குறி ஆகியவையும் பார்க்கப்படும்.

என் கருத்தில் இது நியாயமே. பளபளப்பைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். எந்த போல்டுக்குக் கரும் பாஸ்பேட், எந்த போல்டுக்குக் காட்மியம் முலாம் என்று தெரிந்துகொள்ள உழைக்க வேண்டும். ஒருமுறையும் புதுப்பிக்கப்படாத, மூல வண்ணமே மங்கிப்போய் நிற்கும் கார்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அப்படியொரு கார் கைக்கு வந்தால் உப்புத்தாளைத் தொடவே கூடாது.

கேள்வி: பெங்களூரிலிருந்து ஒருவர் 1969 ஷெவர்லே கமாரோவை என் பட்டறைக்குக் கொண்டுவரப் பேசிக்கொண்டிருக்கிறார். கண்காட்சித் தரம் வேண்டும் என்கிறார். விபத்துக் கார் வேலையிலிருந்து இது எங்கே மாறுபடுகிறது?
– டிங்கரிங் பட்டறை உரிமையாளர், தருமபுரி

கழற்றுவதிலேயே மாறுபடுகிறது. கதவையும் மட்கார்டையும் கழற்றும்போது அவற்றின் அடியில் எத்தனை வாஷர், எந்தத் தடிமன் என்று எழுதி, படமெடுத்து, ஒவ்வொரு போல்டையும் பெயரிட்ட பையில் போட வேண்டும். கமாரோவின் உடல் தனி சேசிஸ் இல்லாதது. முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு துணைச் சட்டம் போல்ட் செய்யப்பட்டிருக்கும். துருப்பிடித்த தளத் தகட்டை வெட்டுவதற்கு முன் கதவுச் சட்டங்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் செய்து தாங்கல் கொடுக்காவிட்டால், உடல் ஒரு சில மில்லிமீட்டர் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் சரியாக அமராது.

துரு எங்கே இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லலாம்: பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, டிக்கியின் இரு ஓரங்கள், பின் மட்கார்டின் அடிப்பகுதி, முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பெட்டி. வினைல் கூரை இருந்தால் அதன் அடியையும் பார்க்க வேண்டும். இந்தக் காருக்கு ஏறக்குறைய எல்லாத் தகடும் புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. 1969 கமாரோவுக்கு முழு உடலே உரிமம் பெற்றுத் தயாரிக்கிறார்கள். ஆனாலும் பழைய தகட்டில் காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றுவதே மேல், ஏனென்றால் புதுத் தகட்டின் மடிப்புகள் எப்போதும் மூலத்தோடு ஒத்துப்போவதில்லை.

பழைய வண்ணத்தை நீக்க மணல் பீய்ச்சச் சொல்வார்கள். தடித்த துணைச் சட்டத்துக்கு அது பொருந்தும். போனட், கூரை, கதவு போன்ற அகன்ற தகடுகளில் மணல் ஒருபக்கமாகவே அடிப்பதால் தகடு உப்பி நெளிந்துவிடும்; பிறகு அதைத் தட்டி நேராக்குவது பெரும்பாடு. அவற்றுக்கு இரசாயன ஸ்டிரிப்பரோ உப்புத்தாளோ போதும். மணல் தூசியின் ஆபத்தைக் கிரானைட் வேலை நடக்கும் இந்தப் பகுதியில் விளக்கத் தேவையில்லை: சிலிக்கா தூசு நுரையீரலைக் கல்லாக்கும் என்பதைக் குவாரித் தொழிலாளர் குடும்பங்கள் அறியும். அத்துடன், கூரையும் பின் மட்கார்டும் சேரும் இடத்தைத் தொழிற்சாலையில் ஈயம் வைத்து நிரப்பியிருப்பார்கள். அங்கே கிரைண்டர் வைத்தால் ஈயத் தூசு பறக்கும். சுட்டு உருக்கி எடுப்பதே முறை, அப்போதும் முகமூடி வேண்டும்.

வெல்டிங்கில் அவசரம் கூடாது. மெல்லிய கம்பி போட்ட மிக் வெல்டிங்கில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அரையடி தள்ளி அடுத்த புள்ளி, பிறகு மீண்டும் நடுவில் என்று சூடு ஒரே இடத்தில் சேராமல் வைத்துக்கொண்டு போக வேண்டும். பழைய ஆசாரிகள் கேஸ் வெல்டிங்கில் செய்த இணைப்பு மென்மையாக இருப்பதால் சுத்தியலுக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். அந்தக் கைப்பழக்கம் உள்ளவர் உங்கள் பட்டறையில் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

வண்ணத்துக்கு முன்பே காரை முழுதாக ஒருமுறை சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த ஒத்திகையில் கதவுகளின் ரப்பர் பீடிங்கையும் மாட்டிப் பார்ப்பது மிக முக்கியம். புது ரப்பர் தடிப்பாக இருந்து கதவை வெளியே தள்ளும். ரப்பர் இல்லாமல் இடைவெளி பார்த்தவர்கள், வண்ணம் அடித்த பிறகு கதவு துருத்திக்கொண்டு நிற்பதைக் கண்டு திகைப்பார்கள். சுற்றிலும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இடைவெளி சீராக ஓட வேண்டும். தொழிற்சாலையில் இவ்வளவு சீராக இல்லை என்பது உண்மைதான். ஆயினும் இடைவெளியைச் சீராக்கியதற்காகப் புள்ளி இழந்தவர் அரிது.

வெறும் இரும்பின்மேல் எபாக்சி பிரைமர், அதன்மேல் தேவையான இடத்தில் மட்டும் மெல்லிய பட்டி, அதன்மேல் தடித்த பிரைமர் என்பது வரிசை. பிறகு கருநிறத் தூளையோ வேறு நிற வண்ணத்தையோ மெல்லியதாகத் தூவி, நீளமான மரக்கட்டையில் சுற்றிய 180 எண் தாளால் சாய்வாகத் தேய்த்தால், பள்ளங்கள் நிறம் மாறாமல் நின்று தங்களைக் காட்டிக்கொடுக்கும். 320, 400, 600 என்று ஏற வேண்டும். விரலால் தாளை அழுத்தித் தேய்க்கும் பழக்கம் விபத்துக் கார் வேலையில் தப்பித்துவிடும். கருப்புக் கமாரோவில் விரல் தடம் அலையலையாகத் தெரியும். பட்டி சுருங்குவதற்குச் சில வாரங்கள் காத்திருப்பதும் அந்த வேலையின் பகுதிதான்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் ஃப்ளோரைடும் மிகுந்தது. குடிப்பதற்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது. அந்த நீரால் ஈரத் தேய்ப்புச் செய்து காயவிட்டால், கண்ணுக்குத் தெரியாத உப்பு பிரைமரில் தங்கி, மேலே வண்ணம் ஏறிய சில மாதங்களில் ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக எழும். கடைசிக் கழுவலுக்காவது ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்துங்கள். கொப்புளம் வந்த பிறகு வண்ணக் கம்பெனியைத் திட்டுவதால் பயனில்லை.

காலமும் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் தூசு எந்தத் திரையையும் தாண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் வண்ணத்தை வெளுக்கச் செய்யும். தை முதல் பங்குனி வரை பொருத்தமான காலம். சித்திரை வெயிலில் அடிப்பதானால் மெதுவாக உலரும் தின்னர் தேவை. இன்றைய இரு கூறு வண்ணங்களில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் நச்சு இருக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அதை அடிப்பது தற்கொலைக்குச் சமம், சாதாரணத் துணி முகமூடியும் போதாது. வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையை ஏற்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

எந்த வண்ணம் என்பதை உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் அந்நாளில் அக்ரிலிக் லேக்கரைப் பயன்படுத்தியது. ஃபோர்டும் கிரைஸ்லரும் எனாமலை அடித்துச் சூளையில் உலர்த்தின. நுட்ப மதிப்பீட்டுக்குப் போகிற கார் என்றால், மேலே தெளிபூச்சு ஏற்றிய இன்றைய தோற்றம் அதற்கு ஒவ்வாது. ஊர்க் கண்காட்சிக்கும் பார்வைக்கும் என்றால் தெளிபூச்சே உழைக்கும். மூன்று நான்கு பூச்சு ஏற்றி, 1000 எண்ணிலிருந்து 3000 எண் வரை ஈரத் தேய்ப்புச் செய்து பாலிஷ் போடுங்கள். முழுக் காருக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைப்பு போகும் என்பதை மனத்தில் வைத்து விலை பேசுங்கள். மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். மாதந்தோறும் செய்த மணிக்கணக்குக்குக் கூலி என்று பேசுவது இரு தரப்புக்கும் நல்லது.

கேள்வி: பழைய அமெரிக்க வி-8 எஞ்சினுக்கு நம் பங்கில் கிடைக்கும் பெட்ரோல் ஒத்துவருமா? எந்த ஆயில் ஊற்றுவது?
– எஞ்சின் ரீபோரிங் பட்டறையிலிருந்து, கிருஷ்ணகிரி

அந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்யப்பட்டவை. ஈயம் வால்வு சீட்டின்மேல் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலேயே ஈயப் பெட்ரோல் முடிந்துவிட்டது. நெடுந்தூரம் ஓடும் காரென்றால் கடினமான சீட் வளையங்களை ஹெட்டில் இறக்க வேண்டும். லாரியில் ஏறிக் கண்காட்சிக்குப் போய் லாரியிலேயே திரும்பும் காருக்கு அது தேவையில்லை. ஹெட்டைக் குடையும்போது தண்ணீர்ப் பாதை உடைந்தால் மூல ஹெட்டே போய்விடும்.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு சிக்கல்களைக் கொண்டுவருகிறது. எத்தனால் ஆக்டேனை உயர்த்தும் என்பது, 11.25க்கு 1 என்ற அழுத்த விகிதம் கொண்ட எல்.எஸ்.6 போன்ற எஞ்சினுக்கு நன்மைதான். ஆனால் அது பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அரிக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, நாள்பட நின்றால் டேங்கின் அடியில் தண்ணீராகப் பிரியும். பழைய ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) வைத்த கார்ப்பரேட்டரில் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, ஜெட்டை ஓரிரு எண் உயர்த்தி, நிறுத்திவைக்கும் முன் டேங்கையும் கார்ப்பரேட்டரையும் வடித்துவிட வேண்டும்.

ஆயிலில் பலரும் விலையுயர்ந்த புதுக் கார் ஆயிலை ஊற்றிக் கேம் ஷாஃப்ட்டைத் தின்னக் கொடுக்கிறார்கள். தட்டை டாப்பெட் வைத்த இந்த எஞ்சின்களுக்குத் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம் வேண்டும். புது ஆயில்களில் அது குறைக்கப்பட்டுவிட்டது. லாரிகளுக்கு ஊற்றும் 15டபிள்யூ-40, சி.ஐ.-4 தரத்து டீசல் ஆயிலில் அது கூடுதலாக உண்டு. உங்கள் நெடுஞ்சாலையில் கடைக்குக் கடை கிடைக்கும். புதுக் கேம் போட்ட எஞ்சினை முதலில் இயக்கியதும் ஐடிலில் விடாமல், 2,000 சுற்றுக்கு மேல் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். ரேடியேட்டருக்கும் கிணற்று நீர் ஆகாது. காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் ஊற்றினால் பிளாக்கில் உப்புப் படியாது.

கேள்வி: நான் கார் சீட் தைப்பவன். அமெரிக்கக் காரின் சீட் உறையை ரெக்ஸினில் நானே தைத்துக் கொடுக்கலாமா?
– பர்கூர்

பார்வைக்குத் தைக்கலாம், மதிப்பீட்டுக்கு முடியாது. அந்நாளைய உறைகள் பலவற்றில் மடிப்புக் கோடுகள் நூலால் தைக்கப்பட்டவை அல்ல, உயர் அதிர்வெண் சூட்டால் ஒட்டப்பட்டவை. ரெக்ஸினின் மேற்பரப்பு வரியும் மாடலுக்கு மாடல் வேறு. உறையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, ஸ்பிரிங் பழுது, சாக்கு, பஞ்சு, வளையம் முடுக்குதல் ஆகியவற்றை நீங்கள் செய்யுங்கள். உறை எவ்வளவு சரியாக இருந்தாலும் அடியில் பஞ்சு மேடுபள்ளமாக இருந்தால் சீட் அழகாக அமராது. உங்கள் கைவேலை அங்கேதான்.

கேள்வி: என் மாமாவின் 1965 மஸ்டாங்கைச் சேலத்தில் நடக்கும் கார் அணிவகுப்புக்கு ஓட்டிச் செல்லலாமா? நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். தொப்பூர் கணவாயை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– தருமபுரி

பயம் நியாயமானது. டிரம் பிரேக் தொடர்ந்து அழுத்தப்பட்டால் சூடேறி டிரம் விரிந்து, பிரேக் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவு அதற்கேற்ற இடம். அதைவிடப் பெரிய குறை, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் 1965 மஸ்டாங்கில் ஒற்றை அறை கொண்டது என்பதாகும்: ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967 மாடலில்தான் இரட்டை அறை வந்தது. ஓட்டுவதற்கு அந்த இரட்டை அறைச் சிலிண்டரைப் பொருத்திக்கொண்டு, மூலத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, மதிப்பீட்டுக்குப் போகும்போது திரும்ப மாட்டச் சொல்லுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். சிலிகான் பிரேக் ஆயில் வண்ணத்தைக் கெடுக்காது என்பதால் கண்காட்சிக் கார்களில் ஊற்றுவார்கள்; அதைப் பழைய ஆயிலோடு கலக்கவே கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் மாமாவுக்குத் தயக்கம் இருந்தால், லாரியில் ஏற்றி அனுப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: மஸில் கார் வாங்க வசதியில்லை. வீட்டில் கான்டெஸா ஒன்று நிற்கிறது. அதைப் புதுப்பித்து, வேறு பெரிய எஞ்சின் போட்டு, பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாமா?
– அரூர்

கான்டெஸாவை மஸில் காரின் உறவினர் என்று சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அந்தக் கார் இங்கிலாந்தின் வாக்ஸால் வி.எக்ஸ். காரின் வழிவந்தது, வாக்ஸால் 1925 முதல் ஜெனரல் மோட்டார்ஸின் கையில் இருந்ததால், அந்த இடுப்பு வளைவில் அமெரிக்கக் கார் நகரமான டெட்ராய்ட்டின் சாயல் இயல்பாகவே வந்தது. வேகம் மட்டும் வரவில்லை: முதலில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள், பிறகு வந்த இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின்தான் அந்த உடலுக்கு ஓரளவு நியாயம் செய்தது.

எஞ்சினை மாற்றும் எண்ணத்தைக் கைவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேசிஸிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனத்துக்குத்தான் வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். அந்த எண் பெற்ற காரைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் ஓட்டலாமே தவிர, தினசரி சந்தைக்கு ஓட்ட முடியாது. கான்டெஸா 1984இல்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே எந்தக் கான்டெஸாவுக்கும் 2034க்கு முன் இந்த வாய்ப்பு இல்லை. அதுவரை சாதாரணப் பதிவைத் தவறாமல் புதுப்பித்து வாருங்கள். பதிவு காலாவதியாகி ரத்தானால் மீட்பது கடினம்.

உடலைப் பொறுத்தவரை, தருமபுரி வாசகருக்குச் சொன்ன முறையே உங்களுக்கும் பொருந்தும். கான்டெஸாவுக்குப் புதுத் தகடு ஆயத்தமாகக் கிடைக்காது என்பதால், பீடிங், விளக்குக் கண்ணாடி, கிரில், கதவுக் கைப்பிடி போன்றவற்றைப் பழைய உதிரிபாகக் கடைகளில் கண்டபோதே வாங்கி வைத்துவிட்டு, கடைசியில் டிங்கரிங் தொடங்குங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் துரு ஏறியிருந்தால் அந்தத் தகட்டை வெட்டி ஒட்ட வேண்டாம். துருவை மென்மையாக நீக்கி, எண்ணைப் படமெடுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் எழுத்துமூலம் அனுமதித்த பிறகே பட்டறையில் கை வைக்கச் சொல்லுங்கள்.